கார் முழுக்க நெஸ்ரோமோல்ட் மணம்

தகனினி, ஓக்லாந்து
ஆகஸ்ட், ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள பிரணவி அக்காவுக்கு,

தம்பி சுலக்ஷன் எழுதுவது. நீயும் ஸ்டீவ் அத்தானும் சின்னவளும் மெல்பேர்னில் சுகமாக இருப்பீர்கள். இங்கே நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை, அதனால் இருக்கிறோம்.

கடிதமா என்று சிரிக்காதே. போனில் கதைத்தால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் வந்து இருப்பா. மெசேஜ் போட்டால் நீ ஒரு கட்டைவிரலை அனுப்பிவிட்டு வேலைக்குப் போய்விடுவாய். தமிழில் எழுதுவது, அத்தான் வாசிக்கக் கூடாது என்பதற்காக. அவர் நல்ல மனுசன். வாசித்தால் உடனே போன் எடுத்து ஆறுதல் சொல்லுவார். எனக்கு ஆறுதல் வேண்டாம்.

அப்பாவின் நிலைமை உனக்குத் தெரிந்ததுதான். செவ்வாய், வியாழன், சனி மனுகா ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் காலை ஷிப்ட். அதை விட்டால் வீட்டு மோட்கேஜ் கடன் கட்டுவது நிற்கும். ஆக, ஓட்டுநர் நான். காலையில் கொண்டுபோய் விட்டு, பின்னேரம் போய் ஏற்றவேண்டும். இத்தனை வருசம் பஸ் ஓடின மனுசனைப் பக்கத்தில் வைத்துக் கார் ஓட்டிப் பார், தெரியும். "பிரேக்கை ஏன் மிதிக்கிறாய், அது என்ன பாம்போ" என்பார். மற்ற நாட்களில் அவர் படுத்திருப்பார், நான் வீட்டில் இருப்பேன். இப்படியே ஒன்றரை வருசம்.

இன்னொன்று. அப்பாவுக்காகத்தான் நான் படிப்பை விட்டேன் என்று அம்மா கோயிலில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறா. பொய். அப்பாவுக்கு கிட்னி பழுதாக முன்னமே நான் ஆல்பனி கம்பஸுக்குப் போகாமல், ஷொப்பிங் மோலில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். அந்தப் பாடமும் எனக்குச் சரிவரவில்லை, நானும் அதற்குச் சரிவரவில்லை. ஆனால் அம்மாவின் பொய்யால் இப்போது நான் ஊரிலேயே நல்ல பிள்ளை. நல்ல பிள்ளையால் எங்கேயும் போக முடியாது அக்கா. அதுதான் சிக்கல்.

சரி, விசயத்துக்கு வருகிறேன். நான் கராஜில் பியர் காய்ச்சுகிறேன். வீட்டுக்கென்று காய்ச்சுவது இங்கே சட்டப்படி சரி, பயப்படாதே. அம்மாவுக்குத் தெரியும். சோபனா அன்ரி வந்த அன்று வாளிக்கு மேல் போர்வையைப் போட்டுவிட்டு, "தம்பி ஊறுகாய் போட்டிருக்கிறான்" என்று சொன்னா. அன்ரி போகும்போது ஒரு போத்தல் கேட்டுவிட்டுப் போனா.

முதலில் டின் பியர்தான். கடையில் பாகு டின் ஒன்று விற்பார்கள். அதை வாளியில் ஊற்றி, சீனியும் தண்ணியும் கலந்து, ஈஸ்டைத் தூவி மூடிவிட்டால் மிச்சத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். ருசி எப்படி என்றால், இருமல் பாணி மருந்துக்குள் பழைய சில்லறையைப் போட்டு ஊறவைத்த மாதிரி. அதைவிட மோசம், வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். பிறகு அப்பாவை ஏற்றும் வரைக்கும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

சரியான முறை தானியத்திலிருந்து காய்ச்சுவது. முளைகட்டிக் காயவைத்த பார்லியை வாங்கி, உடைத்து, அளவான சூட்டுத் தண்ணியில் ஊறவைத்து, வருகிற இனிப்புத் தண்ணியை வடித்து, ஹொப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, பிறகுதான் ஈஸ்ட். அரை நாள் பிடிக்கும். அப்பாவை இறக்கிய நேரத்திலிருந்து ஏற்றும் நேரம் வரை. எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

பேஸ்புக்கில் இந்தப் பக்கத்து ஆட்கள் வைத்திருக்கும் குழுவில் உதவி கேட்டேன். தாடி வைத்த வெள்ளைக்காரன் யாராவது வருவான் என்று பார்த்தால், இரண்டு தெரு தள்ளியிருக்கும் பூங்கோதை வந்து நின்றா. திருப்பூர்க்காரி, ஆல்பனிக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலை செய்கிறவ. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். காய்ச்சுவது அவ, அவவின் மனுசன் மணந்தும் பார்க்க மாட்டாராம். அடியில் குழாய் பூட்டிய பெரிய சில்லி பின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தா. அந்த ஐஸ் பெட்டி சூட்டையும் காக்குமாம். பார்லி அதற்குள்தான் ஊற வேண்டும்.

பார்லியை உடைத்து வைக்கச் சொல்லியிருந்தா. நான் அம்மாவின் மிக்சியில் போட்டு நல்லா அரைத்து வைத்திருந்தேன். மெனக்கெட்டு, பவுடராக. அவ வாளிக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, உடைக்கத்தானே சொன்னேன்? நீ தோசைக்கு அரைச்சு வச்சிருக்கே" என்றா. இருந்தாலும் பார்ப்போம் என்று இரண்டு பேரும் சூட்டுத் தண்ணியில் கொட்டிவிட்டோம். நண்டும் இறாலும் போட்டிருந்தால் அப்படியே ஒடியல் கூழ். குழாயால் ஒரு சொட்டு வரவில்லை. அகப்பையால் தோண்டி, தலையணை உறையில் போட்டுப் பிழிந்து, அவவின் ஒபிஸ் மீற்றிங்கும் போய், எனக்கு நேரமும் போய்விட்டது.

நான் மனுகாவுக்குப் போனபோது அப்பா வாசலில் நின்றார். தூறல். ஊசி போட்ட கையை ஜக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு. உள்ளே இருக்கச் சொன்ன நர்சிடம் "மகன் பார்க்கிங் தேடுறான்" என்று சொல்லியிருக்கிறார். காரில் ஏறி பெல்ட்டைப் போட்டார். மோட்டர்வேயில் ஏறின பிறகு, சின்னனில் எங்களுக்குப் பாலில் கரைத்துத் தந்த பார்லி மாவை நினைத்தாரோ, "கார் முழுக்க நெஸ்ரோமோல்ட் மணக்குது" என்றார். அவ்வளவுதான்.

அவர் ஒரு நாளைக்கு மொத்தமாக ஒரு லீட்டர்தான் குடிக்கலாம் அக்கா. தேத்தண்ணி, சொதி, குளிசை விழுங்கும் தண்ணி, எல்லாம் அதற்குள். அந்த வீட்டில் நான் வாளி வாளியாகக் காய்ச்சுகிறேன். யோசித்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. விடவும் முடியவில்லை.

அடுத்த முறை சரியாக வந்தது. குழுவில் ஒருவர் தன்னுடைய கை மெஷினில் பார்லியை உடைத்துத் தந்தார், பூங்கோதை நேரத்தைப் பார்த்துக்கொண்டா, குழாயால் தேன் நிறத்தில் வடிந்தது. அதற்கடுத்ததும் நல்லா வந்தது. அதில் இரண்டு போத்தலை அவ, பிளேன் ஏறிப் போக வேண்டிய நெல்சனில், சின்ன பியர் ஆலை வைத்திருக்கும் ஒருவருக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறா. அவர் ஆள் தேடுகிறார். பியர் ஊறுகிற தாங்கி கழுவ வேண்டும், மூட்டை தூக்க வேண்டும், கூட நின்று பழக வேண்டும். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவாராம். பூங்கோதை என்னிடம் கேட்காமலே ஓம் சொல்லப் பார்த்தா. "போயிடு தம்பி. இங்கயே கெடந்தா உங்கப்பாவுக்கு முன்னாடி நீ படுத்துடுவே" என்று முகத்துக்கு நேரே சொன்னா. அவவுக்கு வாய் அப்படி.

நான் வீட்டில் சொல்லவில்லை. கார் சொல்லிவிட்டது. போன வாரம் அப்பாவை ஏற்றிக்கொண்டு வரும்போது பூங்கோதையின் மெசேஜ் வந்து, கார் அதைச் சத்தமாக இங்கிலிசில் வாசித்தது. நெல்சன்காரர் மாத முடிவுக்குள் பதில் கேட்கிறார் என்று. நான் நிப்பாட்ட எந்தப் பட்டனை அமத்தினாலும் முழுதாக வாசித்துவிட்டுத்தான் ஓய்ந்தது. தகனினி எக்சிற் வரும் வரை இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தோம்.

அன்று பின்னேரம் அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தா. அப்பா வேண்டாம் என்றார். அந்தத் தேத்தண்ணி அளவுக்கு உன்ரை சாமானைக் கொண்டுவா என்றார் என்னிடம். நர்சிடம் கேட்டுவிட்டாராம், கொஞ்சம் குடிக்கலாமாம். வாழ்நாளில் வாயில் வைக்காத மனுசன். மருந்து அளக்கும் குவளையில் அளந்து ஊற்றினேன். மெல்ல மெல்லக் குடித்தார். "கசக்குது. ஆனால் ஒளிச்சுக் காய்ச்சுற அளவுக்கு மோசமில்லை" என்றார். பிறகு, நெல்சனில் குளிர் கூடவோ என்று கேட்டார். அம்மா தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனவ, திரும்பி வரவில்லை.

அவர் ஏசியிருந்தால் நான் போயிருப்பேன் அக்கா. அதற்குத்தான் காத்திருந்தேன். "குடிகாரா, வெளியே போ" என்றிருந்தால் அடுத்த நாளே பையைத் தூக்கியிருப்பேன். அவர் தன்னுடைய தேத்தண்ணியை விட்டுக்கொடுத்தார்.

அதோடும் விடவில்லை. தானே போன் எடுத்து, நோயாளிகளை ஏற்றி இறக்கும் ஆஸ்பத்திரி வானுக்குப் பதிந்துவிட்டார். நினைவிருக்கும், தொடக்கத்தில் ஒருமுறை அதில் போய், வான் ஆட்களை வீடு வீடாக இறக்கி வர நேரமாகி, பிரஷர் இறங்கி எங்கள் வாசலிலேயே விழுந்தார். வான்காரரில் பிழையில்லை, பாவம், அவர்தான் தூக்கினார். வியாழன் காலை அப்பா வெள்ளெனவே சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கதவடியில் நின்றார். நான் போய் வானை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கார்த் திறப்பை எடுத்தேன். அவர் தடுத்துப் பார்த்தார். நான் கேட்கவில்லை. என்னைக் கட்டி வைத்திருப்பது யார் என்று இவ்வளவு நாளும் தேடினேன். அவர் கதவைத் திறந்துவிட்டார், நானே இழுத்துச் சாத்தினேன். இனி யாரிடம் கோபிப்பது?

நெல்சனுக்கு இன்னும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மாதம் முடியப்போகிறது. உனக்குப் பிள்ளை இருக்கிறது, வேலை இருக்கிறது, எல்லாம் தெரியும். மூன்று மாதம்தான் கேட்கிறேன், அப்பாவை ஏற்றி இறக்க. சின்னவளையும் கூட்டிக்கொண்டு வா. அப்பா காரில் அவளுக்கும் பிரேக் பிடிக்கப் பழக்குவார்.

அத்தானுக்கு என் அன்பு. சின்னவளுக்கு முத்தம். தெய்வம் உங்களைக் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும்.

வருவதென்றால் சொல்லாமல் வா அக்கா. சொன்னால் அப்பா வேண்டாம் என்பார். போனை வாங்கி நானும் வேண்டாம் என்றுதான் சொல்லுவேன்.

உன் தம்பி,
சுலக்ஷன்