வாசலில் தட்டிய மட்டைகள்

என்னவனுக்கு,

அன்று ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் விழுந்து தலையில் அடிபட்டதிலிருந்து நம் பையன் ரீஸுக்குச் சின்னச் சத்தமும் ஆவதில்லை. போனில் பேச முடியாமல்தான் எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பையன்கள் பதினைந்து வயதுக்குட்பட்டோர் மாகாணக் கோப்பையை ஜெயித்துவிட்டார்கள். நேற்று மொத்த அணியும் நம் வாசலுக்கு வந்து, ஹாக்கி மட்டைகளைப் படியில் தட்டியது. அடிபட்டவன் எழுந்திருக்கும்போது பனித்தளத்தில் தட்டுவார்களே, அதே மாதிரி. எவ்வளவு பெரிய மரியாதை! உள்ளே உன் பிள்ளை தலையணையால் காதைப் பொத்திக்கொண்டு அலறினான்.

வெளியே ஓடினேன். “போதும்டா கண்ணுங்களா, தூங்குறான்.”

“சாரி ஆன்ட்டி,” என்றான் கோல்கீப்பர் டெக்லன். “அடுத்த வருஷம் நாங்க பதினெட்டு வயசு டீமுக்கு ஏறுறோம். அவனும் வந்துருவான்ல?”

“வராம எங்கடா போவான்?” என்று சிரித்து வைத்தேன்.

கோப்பையை ஒரு நாள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டாமென்று அனுப்பிவிட்டேன். அந்தப் பளபளப்பு அவன் கண்ணுக்கு ஆகாது.

டாக்டர் என்ன சொன்னார் என்று இன்னொரு முறை கேட்காதே. சொன்னதையேதான் சொன்னார்.

நீ சுரங்க வேலைக்குப் போன இடத்திலிருந்து அனுப்பிய புது ஸ்கேட்டிங் ஷூ வந்தது. கால் வளர்ந்திருக்கிறது, கச்சிதமாகப் பொருந்துகிறது. படுக்க வைத்தே மாட்டிப் பார்த்தேன்.

உன்னவள்