வெயில் விழும் பக்கம்

இன்று காலை கூரியரில், பிழை பார்ப்பதற்கான அச்சுப்படி வந்தது. உறையைக் கிழித்ததும் வீடு முழுக்கப் புது மை வாசனை. பசிபிக் கரையோரம் முதன்முதலாகப் போன அமெரிக்க வணிகக் கப்பல்களைப் பற்றி எட்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தேனே, அது ஒருவழியாகப் புத்தகமாகப் போகிறதுங்க! சாயங்காலத்துக்குள், "சரி, அச்சிடலாம்" என்று பதிப்பகத்துக்குச் சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாய் வரவில்லை. கடைசி அத்தியாயத்தை நீங்கள் படிக்கவில்லை. நான் எழுதி முடிப்பதற்குள் போய்விட்டீர்கள்.

மற்றதையெல்லாம் முதலில் படித்தவர் நீங்கள்தான். திருப்பதியிலிருந்து பிச்சாட்டூருக்கு பஸ் ஓட்டிப்போய், வண்டி நிற்கும் அரைமணி நேரத்தில், ஸ்டீயரிங் மேல் தாளை விரித்துச் சாப்பிட்டுக்கொண்டே படிப்பீர்கள். முதல் அத்தியாயத்தில் ரசத்தைக் கொட்டினீர்கள். அது போதாதென்று வீட்டுக்கு வந்து கேள்வி வேறு.

"இன்னாம்மே, இந்தக் கப்பலு வடக்கால போவுது. கரை வலது கைப்பக்கம் கீது. அப்போ காலையில சூரியன் தண்ணியிலேர்ந்து எப்பிடி வரும்?"

எனக்குச் சுருக்கென்றது. நான் பார்த்த ஒரே கடல், கல்யாணமான புதிதில் நீங்கள் கூட்டிப்போன பழவேற்காடு. அங்கே சூரியன் கடலிலிருந்துதான் வந்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் அதை அப்படியே உதிக்க வைத்திருந்தேன். பெயருக்குச் சமூக அறிவியல் டீச்சர்! "பஸ் ஓட்டுறவருக்குக் கப்பலப் பத்தி இன்னா தெரியும்?" என்று கத்திவிட்டேன்.

"கப்பலு தெரியாது. காலையில பிச்சாட்டூர் போறப்போ வெயிலு மூஞ்சில அடிக்குது, அது தெரியும். மலை மேல உதிக்க வெச்சி எழுது. சரே, அடுத்தது குடு."

அதற்குப் பிறகு, இந்தக் கடைசி அத்தியாயம் வரும்வரை, உங்கள் கண்ணில் படாமல் ஒரு தாளையும் நான் பதிப்பகத்துக்கு அனுப்பியதில்லை. அப்படிப் பழகியதுதான் இப்போது வினையாகிவிட்டது.

கடைசி அத்தியாயத்துக் கதையை வாயால் மட்டும் சொல்லியிருக்கிறேன். கொலம்பியா ஆறு கடலில் கலக்கும் இடத்தில் அலை அடித்துத் துரத்த, பல நாள் காத்திருந்து, உள்ளே நுழைய முடியாமல் விலகிப்போன அந்த அமெரிக்கக் கப்பல் தலைவன், மறுபடி வந்து நுழைந்துவிட்டான். "திரும்பி வந்தான் பாரு, அவன் டிரைவரு!" என்று தொடையில் தட்டினீர்கள்.

மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். இரண்டாம் பக்கத்திலேயே மாட்டியது. கப்பல் ஆற்றுக்குள் மேலேறிப் போகிறது. மாலை வெயில் மாலுமிகளின் முகத்தில் அடித்தது என்று எழுதியிருக்கிறேன். கடலை விட்டு உள்ளே போகிறவன் அங்கே கிழக்கே அல்லவா போவான்? வெயில் முதுகில்தானே விழும்! வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு அழுதேன், உங்களிடம் மறைப்பானேன். சிவப்புப் பேனாவால் வெயிலை முதுகுக்கு மாற்றிவிட்டு, மிச்சத்தை இரண்டு தடவை படித்தேன். வேறு பிழை இல்லை.

திருத்திய பக்கத்தைப் படம் எடுத்துப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டு, நாலரைக்குப் போன் செய்தேன். எடுத்த பெண்ணுக்கு விஷயம் தெரியாது. எப்போதும்போல, "சார் பாத்துட்டாருங்களா மேடம்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா," என்றேன். "நான் பாத்துட்டேன். அச்சுக்குப் போகட்டும்."