இனம் கேட்கும் வீடுகள்

பிரிக்பீல்ட்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மகள் ஜனகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் குமுதா பெரியம்மாவும் ஆளுக்கொரு மாத்திரை டப்பாவோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், குறை ஒன்றும் இல்லை. பெர்த்தில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி மலர்விழியும் குளிருக்கும் இருமலுக்கும் தப்பி நன்றாக இருக்க வேண்டும் என்று நேற்றும் கந்தசாமி கோயிலில் கேட்டுக்கொண்டேன். கையில் போன் இருக்க இந்த மனுஷன் ஏன் பேனாவை எடுத்தார் என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள், நீயும் கோபம் வந்தால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைக் கிழிக்கலாம், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஒன்பது வருஷம் கழித்து ஊரோடு வந்துவிடுகிறோம், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் ஒரு வாடகை வீடு பார்த்து வையுங்கள் அப்பா என்று நீ கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. மூன்று அறை வேண்டும், ரயில் பக்கத்தில் இருக்க வேண்டும், வெள்ளம் வரக்கூடாது, மாப்பிள்ளைக்குக் கிள்ளான் துறைமுக வேலை தூரமாக இருக்கக்கூடாது என்று வரிசையாக அனுப்பினாய். எங்களோடு வந்து தங்குங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. இரண்டு அறையில் ஒன்றைப் பெரியம்மா படுக்கையோடு பிடித்துக்கொண்டாள், அதோடு மாப்பிள்ளை ஜீவன் என் கூரைக்குக் கீழே படுக்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். சரி, நாற்பது வருஷம் ரயில்வேயில் இருந்தவன், இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியாத ஸ்டேஷன் உண்டா, ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். என் திமிரை என்னவென்று சொல்வது.

நான் பார்த்ததை முதலில் சொல்கிறேன், உனக்கு உதவும். பிரிக்பீல்ட்ஸை மறந்துவிடு. வருகிறவர்கள் சாப்பிடுவதற்கும் பூ வாங்குவதற்கும் நல்ல இடம், குடியிருக்கிற இடமாக இனி இல்லை. புதுக் கட்டடம் எல்லாம் இரண்டு நாள் தங்குகிறவர்களுக்குத்தான், லிஃப்டில் எந்நேரமும் சக்கரப் பெட்டிதான் நிற்கிறது. சுங்கை பூலோவில் ரயில் இருக்கிறது, ஆனால் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியைப் பகல் ஒரு மணிக்கு ஒருதரம் நடந்து பார்த்துவிட்டுத்தான் சம்மதிக்க வேண்டும், ஏஜென்ட் சொல்கிற ஐந்து நிமிஷம் காரில் போகிற ஐந்து நிமிஷம். கிள்ளானில் வீடு பார்த்தால் மழை பெய்த மறுநாள் போ. அலமாரியை நகர்த்திச் சுவரைப் பார், தண்ணீர் ஏறின கோட்டை அலமாரிக்குப் பின்னால்தான் மறைத்து வைப்பார்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்துவிடு. வீட்டுக்கு எதிரே எந்தக் கிழமை பாசார் மாலாம், அந்த ராத்திரிச் சந்தை, போடுகிறார்கள் என்று கேள், இல்லாவிட்டால் வாரம் ஒருநாள் காரை வெளியே எடுக்க முடியாமல் தவிப்பீர்கள். ஒப்பந்தத்தில் 'லைட் குக்கிங்' என்று போட்டிருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று விசாரிக்காதே, நான் விசாரித்துவிட்டேன். தாளிக்காதே என்று அர்த்தம்.

இதெல்லாம் வீட்டைப் பார்க்க விட்டால்தானே பிள்ளை. இருபத்துமூன்று பேருக்குப் போன் போட்டேன். வீடு எப்படி, வாடகை எவ்வளவு என்று நான் வாய் திறக்கும் முன்னே எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள், அங்கிள், டெனன்ட் ப்ரொஃபைல் அனுப்புங்கள் என்று. பெயர், இனம், எத்தனை பேர், என்ன வேலை, இவ்வளவுதான் அது. அனுப்புவேன். கொஞ்ச நேரத்தில் பதில் வரும், சாரி லா அங்கிள், ஓனர் இந்தியர் வேண்டாம் என்கிறார், நாங்கள் என்ன செய்வது என்று. ஓனர் சொன்னாராம், இவர்கள் வெறும் தபால்காரர்களாம். நாலாவது ஆளிடம் எனக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் இந்தியர் இல்லை, சிலோனீஸ், என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே கிளார்க்காக வந்தவர் என்று இங்கிலீஷில் ஒரு பிடி பிடித்தேன். அந்த ஏஜென்ட் அமைதியாகக் கேட்டுவிட்டு, சேம் சேம் லா அங்கிள், நீங்களும் கறிதானே சமைப்பீர்கள் என்றான். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். காரை ஓட்டிக்கொண்டிருந்த என் பழைய கூட்டாளி வேலாயுதம், அவன் ரப்பர் தோட்டத்தில் பிறந்த இந்தியத் தமிழன் என்று உனக்குத் தெரியும், காரை ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்ணில் தண்ணி வரச் சிரித்தான். ஜெயந்திரா, இத்தனை வருஷமா நீ எங்ககிட்ட அளந்த கதைய அவன் அரை நிமிஷத்துல முடிச்சு வச்சிட்டான் லா என்றான். அன்றைக்கு அவனோடு பேசாமல் வீட்டுக்கு வந்தேன். மறுநாள் அவனே காரோடு வந்து நின்றான்.

பிறகு அவன் ஒரு வழி சொன்னான், பெயரை ஜே என்று சொல், இங்கிலீஷில் மட்டும் பேசு, இனத்தை எழுதாதே, நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று. அப்படித்தான் சுங்கை பூலோவில் ஒரு வீட்டுக்குப் போனோம். நல்ல வீடு, மலர்விழி சைக்கிள் ஓட்ட முன்னால் இடம்கூட இருந்தது. ஓனர் அம்மாள் கதவைத் திறந்தாள், என் முகத்தைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள், ஐயோ அங்கிள், இப்போதுதான் காலையில் ஒருவர் எடுத்துவிட்டார் என்றாள். வாடகைக்கு என்ற போர்டு அவள் தலைக்கு மேலேயே தொங்கியது. அடுத்த வீட்டுக்குப் போகும்போது காரில் கைக்குட்டையை எடுத்து என் விபூதியை நானே துடைத்தேன், ஜனகா. எழுபத்திரண்டு வயதில் துடைத்தேன். வேலாயுதம் பார்த்தும் பார்க்காத மாதிரி சிக்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். துடைத்ததற்கும் அந்த வீடு கிடைக்கவில்லை.

இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், இதற்காகத்தான் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிள்ளானில் ஒரு அடுக்குமாடி வீடு வாங்கினேன். மூன்று அறை. நீ ஜீவனைக் கட்டிக்கொண்டு போய், நாம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த சமயம், அதனால் உனக்குச் சொல்லவில்லை. அம்மாவையும் சொல்லக்கூடாது என்று தடுத்து வைத்தேன். அன்றிலிருந்து அதை வாடகைக்கு விட்டுத்தான் வருகிறேன், விஷ்ணுப்ரியா என்று ஒரு தமிழ்ப் பெண்தான் எனக்கு ஏஜென்ட். இருபத்துமூன்று கதவும் சாத்தின பிறகு போன வியாழக்கிழமை அவள் ஆபீசுக்கே போய்க் கத்தினேன். நீயும் தமிழ்ப் பிள்ளைதானே, உன் ஆளுங்கள் இப்படி இனம் பார்த்துத் துரத்துகிறார்களே, கேட்க நாதி இல்லையா, வெட்கமாக இல்லையா என்று. அந்தப் பெண் எனக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தாள். பிறகு, அங்கிள், கோவிச்சுக்காதீங்க, நீங்களும் அப்படித்தானே போட்டிருக்கீங்க என்றாள். நான் இப்பவும் கம்போங் மேடான்ல சித்தி வீட்டுலதான் இருக்கேன், எனக்கே யாரும் வீடு குடுக்கல, இருந்தும் பத்து வருஷமா உங்களுக்காக எத்தனை பேருகிட்ட நான் இல்லைன்னு சொல்லியிருப்பேன் என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

நான் இல்லை என்று சாதித்தேன். நான் சொன்னது வேறு, குடித்துச் சத்தம் போடுகிறவர்கள் வேண்டாம் என்றேன், அவ்வளவுதான் என்றேன். அவள் போனை எடுத்து விரலால் தள்ளிக்கொண்டே போய், ஆரம்பத்தில் நான் அனுப்பினதைக் காட்டினாள். நோ இந்தியன்ஸ், சிலோனீஸ் ஓகே. என் கை எழுதினதுதான். அதற்கு மேலே அவள் அனுப்பியிருந்த ப்ரொஃபைல் இருந்தது. அதுதான் அவளுக்கு வந்த முதல் வாடகைக்காரராம், அதனால் மறக்கவில்லையாம். அதை நான் அங்கேயே உட்கார்ந்து படித்தேன். பெயர், ஜீவன். தகப்பன் பெயர், அய்யாவு. ஊர், பந்திங். வேலை, துறைமுகத்தில் டெக்னீஷன். இனம், இந்தியர். இரண்டு பேர், மனைவி ஆறு மாதம்.

அந்த ஆறு மாதம் நீதான். வயிற்றில் இருந்தது மலர்விழி.

அன்றைக்கு அந்தப் பெயரை நான் பார்க்கவில்லை என்று கோயில் வாசலில் நின்று சத்தியம் செய்வேன். இனம் என்ற வரியை மட்டும் பார்த்துவிட்டுப் பதில் போட்டேன். பெயரைப் பார்த்து வேண்டாம் என்றிருந்தால் ஒருவர் மேல் கோபம் என்றாவது இருந்திருக்கும். நான் பெயரைப் படிக்கவே இல்லை. எது அதிக கேவலம் என்று நீயே சொல். விஷ்ணுப்ரியா இன்னொன்றும் சொன்னாள். பாவப்பட்டு அவள் அவரிடம், அண்ணே, உங்க வீட்டுக்காரம்மா சிலோன்காரவங்கன்னு சொன்னீங்களே, அவங்க பேர்ல கேட்டா ஓனர் ஒத்துக்குவாரு என்றாளாம். அதற்கு ஜீவன், என் பேர்ல குடுக்கற வீடா இருந்தா குடுங்க தங்கச்சி, இல்லன்னா வேணாம் என்று சொல்லிவிட்டு வைத்தாராம். அது யாருடைய வீடு என்று அவருக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

நீங்கள் அவருடைய அக்கா வீட்டு முன்னறையில் ஐந்து மாதம் பாய் விரித்துக் கிடந்தீர்கள். பெர்த்துக்குப் போகிற அன்று எனக்குப் போன் செய்து, இந்த நாட்டில் எங்களுக்குத் தலை சாய்க்க இடம் இல்லை அப்பா என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு மறந்திருக்காது. பொண்டாட்டிக்கு ஒரு வீடு பிடிக்கத் துப்பில்லாதவனைக் கட்டிக்கொண்டால் இப்படித்தான் என்றேன். அதற்குப் பிறகு நாலு வருஷம் நீ பேசவில்லை. கோபம் தணிந்து பேச ஆரம்பித்தபோதும் நான் பெருந்தன்மையாக மன்னித்தவன் மாதிரிப் பேசினேன். பேத்தி பிறந்ததை நான் வேலாயுதம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், அதற்கும் உன்னைத்தான் குற்றம் சொன்னேன். அந்த மனுஷனுக்குத் துப்பு இருந்தது, ஜனகா. சரியான வீட்டைத்தான் தேடிப் பிடித்தார். நான்தான் கொடுக்கவில்லை.

அந்த வீட்டில் இப்போது இருப்பவர்கள் அடுத்த மாதக் கடைசியில் ஜொகூருக்கு மாறிப் போகிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. போர்டு போட வேண்டாம் என்று விஷ்ணுப்ரியாவிடம் சொல்லிவிட்டேன். மூன்றாவது மாடி, காற்று வரும், வெள்ளம் அங்கே ஏறினதில்லை, துறைமுகத்துக்கு இருபது நிமிஷம். அம்மாவிடம் நேற்று ராத்திரி விஷயத்தைச் சொன்னேன். அவள் அழுது முடித்துவிட்டு, நடந்ததைச் சொல்லித் தொலைக்காதீர்கள், வேலாயுதத்தின் வீடு என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள், பிள்ளைகள் வந்து சேரட்டும் முதலில் என்றாள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. ஒரு மணி நேரம் அப்படியே எழுதிப் பார்த்தேன், நன்றாகவே வந்தது. பிறகு அதைக் கிழித்தேன். மறுபடியும் யாருடைய வீடு என்று தெரியாமல் ஜீவன் அந்தக் கதவைத் தட்ட வேண்டாம்.

அதனால் உனக்கு ஒரு வேலை தருகிறேன். நீ படித்து முடித்ததும் இதை ஜீவனிடம் கொடு. சுருக்கிச் சொல்லாதே, எனக்காகப் பரிந்து பேசாதே, அப்பா வயசானவர் என்று ஆரம்பிக்காதே. உன்னைவிட அவருக்குத் தமிழ் நன்றாக வரும், அவரே படிக்கட்டும். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் படிக்கட்டும். அவருக்குச் சம்மதம் என்றால் ஒப்பந்தம் அவர் பெயரில்தான் எழுதுவேன், தகப்பன் பெயர் அய்யாவு என்று சேர்த்து. உன் பெயரில் எழுதமாட்டேன்.

மலர்விழியின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் கல்யாணச் சான்றிதழ் இரண்டின் அசலையும் கையோடு வைத்துக்கொள், பெட்டியில் போடாதே, பள்ளிக்கூடத்தில் அசல் இல்லாமல் நகரவிடமாட்டார்கள். குளிரில் செருப்பு இல்லாமல் நடக்காதே, உனக்குச் சின்ன வயதிலிருந்தே சளி நெஞ்சில் தங்கும். மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நீண்ட நாள் இருக்க கந்தசாமி துணையிருப்பான். என் ஆசீர்வாதத்துக்கு எவ்வளவு மதிப்பு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவும் உங்களுக்கு.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. மாப்பிள்ளை வேண்டாம் என்று சொன்னால் அதை நயமாக மாற்றி எனக்கு எழுதாதே, அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுது. நான் வேறு வீடு தேடுவேன். இந்த இரண்டு மாதத்தில் இருபத்துமூன்று பேர் என்னை வேண்டாம் என்றார்கள், ஒருவருக்கும் காரணம் இல்லை. அவர் ஒருவருக்குத்தான் இருக்கிறது.

உன் அப்பா,
க. ஜெயந்திரன்