நெல் மூட்டையும் பூமணியும்

வந்தாறுமூலை,
3.8.1943

அன்புள்ள அண்ணாவுக்கு,

செங்கலடிச் சந்தியில் வெயிலில் நின்று கறுத்துப்போனீர்களாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

செத்துப்போன அக்காவின் மகள் பூமணியைக் கருவாட்டு வியாபாரி கனகசிங்கத்திடம் கொடுக்க அத்தான் சம்மதித்துவிட்டார். அடுத்த வெள்ளி பதுளைப் பக்கம் ஒரு பங்களாவில் வேலைக்கு விடக் கொண்டுபோகிறானாம். ஒன்பது வயதுப் பிள்ளை. போன வருடம் அவன் கொண்டுபோனவள் சூடுபட்ட கையோடு திரும்பியதை மறந்தீர்களா? நம் குடியில் தாய்மாமன் சொல்தான் முதல். நீங்கள் பொலிசும்கூட. வண்டியை மறித்துவிடுங்கள்.

தங்கச்சி,
சின்னத்தங்கம்

செங்கலடி,
6.8.1943

அன்புத் தங்கச்சிக்கு,

இன்ஸ்பெக்டர் ஐயாவிடம் சொன்னேன். "தகப்பன் குடுத்த பிள்ளைய நாம என்ன செய்யிற? யுத்த காலம். நெல்லுக் கடத்துறவனப் பிடி" என்றார். அனுமதிச் சீட்டில்லாமல் நெல் உள்ள வண்டியை மறிக்கத்தான் உத்தரவு. பிள்ளை உள்ள வண்டிக்கு உத்தரவு இல்லை. எனக்கும் அலுத்துவிட்டது. அத்தானிடம் நீயே பேசிப்பார்.

அண்ணன்,
நாகரெத்தினம்

வந்தாறுமூலை,
12.8.1943

அண்ணா,

பேசினேன். "ஒரு வாய் குறையட்டும்" என்கிறார்.

நெல் இருந்தால் மறிப்பீர்கள்தானே? வயல்வட்டையில் விதைக்க வைத்திருந்த நெல் மூட்டையைக் கனகசிங்கம் வாடகைக்குப் பிடித்த வண்டியில் கருவாட்டுச் சாக்குகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். நாளைக் காலை வரும். அவனைப் பிடித்தால் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவாள். ஏறாவூர் கச்சி முகம்மது காக்காவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

சின்னத்தங்கம்

செங்கலடி,
14.8.1943

தங்கச்சி,

மறித்தேன். மூட்டை அகப்பட்டது. ஐயா என் தோளில் தட்டினார்.

நெல் தனதல்ல, வண்டிக்காரனுடையது என்று கனகசிங்கம் சத்தியம் செய்தான். வண்டிக்காரனை அடைத்துவிட்டார்கள். கனகசிங்கம் பூமணியின் கையைப் பிடித்துக்கொண்டு பதுளை லொறியில் ஏறினான். "ஐயா, பிள்ளை?" என்று கேட்டேன். "பிள்ளைக்குள்ள நெல்லா இருக்கு? நீ மூட்டையத் தூக்கு" என்றார். தூக்கினேன். அவள் "மாமா" என்று கூப்பிட்டாள். திரும்பிப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

நாகரெத்தினம்

வந்தாறுமூலை,
17.8.1943

அண்ணாவுக்கு,

அழுது முடித்துவிட்டேன். வண்டிக்காரனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாளை ஸ்டேசனுக்கு வந்து, நெல் என்னுடையது என்று சொல்லப்போகிறேன். அங்கே என்னைத் தங்கச்சி என்று கூப்பிட வேண்டாம். பூமணியைத் தேடி நீங்கள் பதுளைக்குப் போகாதவரை எனக்குக் கடிதமும் எழுத வேண்டாம்.

நான் வந்ததும் பிடித்து அடையுங்கள். அதற்கு உங்களுக்கு உத்தரவு இருக்கிறது.

சின்னத்தங்கம்