விசில் கேட்டுப் புறப்பட்ட வண்டி

மே 9

பெட்டி கட்டியாயிற்று. ஆறு நாள் சுற்றுலா: இரண்டு நகரங்கள், ஓர் அருவி, ஓர் ஏரி. கேட்டவர்களிடமெல்லாம் விடுமுறை என்றுதான் சொன்னோம். உண்மையில் நான் வேலைக்குப் போக வேண்டிய ஊரைப் பார்க்கப் போகிறேன். இரண்டாவது நகரத்துக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு என்னைத் தலைமைப் பொறுப்பில் போட்டிருக்கிறார்கள். பதினாறாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். இவருக்குக் கண்டக்டர் வேலை இன்னும் நான்கு வருடம் பாக்கி, கூட வர முடியாது. எனக்கு நாற்பத்தொன்பது வயதாகிறது, இவர் துணையில்லாமல் வெளியூர் பஸ் ஏறியதில்லை நான். கேட்டால், "உன் இஷ்டம்மா" என்கிறார். இது ஒரு பதிலா?

மே 10

முதல் நகரம். குடை ரிப்பேர் மட்டுமே செய்யும் ஒரு கடை! கம்பி மாற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓட்டல் குழாய்த் தண்ணீரை டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால், "இங்கயுமா?" என்கிறார். இவர் மட்டும் என்னவாம்? போகிற பஸ்ஸிலெல்லாம் படியில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்று எண்ணுகிறார்.

மே 11

அருவி. அந்தச் சத்தத்தில் இவர் சொன்ன எதுவும் காதில் விழவில்லை. நல்ல நாள்.

மே 12

இரண்டாவது நகரம். இன்று நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஏரியில் சுற்றுலா வண்டி இருபது நிமிடம் நிற்கும் என்றார்கள். தண்ணீர் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் மை மாதிரி. ஏன்? பார்க்கப் படியிறங்கினேன். திரும்பி வந்தால் வண்டி நகர்கிறது. இவர்தான். பழக்க தோஷத்தில் பின்படியில் நின்றுகொண்டு, "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டு, யாரோ "ஆச்சு" என்றதும் இரண்டு விசில் கொடுத்திருக்கிறார். டிரைவரும் எடுத்துவிட்டார். நான் முன்னால் பெண்களோடு உட்கார்ந்திருப்பதாக நினைத்தாராம்.

போன் வண்டியில். இடுப்பில் சுருக்குப்பை மட்டும். இவர் நம்பரும் மனப்பாடம் இல்லை. எப்போதும் பக்கத்திலேயே இருக்கிற ஆளுக்கு எதற்கு நம்பர்? கொஞ்சம் அழுதேன்.

படகுக்காரி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளிடம் போய் என்ன கேட்டேன்? தண்ணீர் ஏன் இரண்டு நிறம் என்று!

"அந்தப் பக்கம் ஆழம்க்கா. அடியில ஊத்து இருக்கு. வாங்க, காட்டுறேன். அக்கரையில டவுன் பஸ் கிடைக்கும்."

ஊற்றின் மேலே கை வைத்தால் ஜில்லென்றிருக்கிறது. இறங்கும்போது சொன்னேன்: "நீலச் சட்டை போட்டவர் பதறிட்டு வருவாரு. ஓட்டலுக்குப் போயிட்டேன்னு சொல்லிடுங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம். பாதி வழியில் பரிசோதனைக் கூடத்தின் போர்டு தெரிந்தது. இறங்கிவிட்டேன்! உள்ளே ஒரு பெண், பரிசோதனைத் தண்ணீர் பிடிக்கும் பாட்டில்களை ஒரே அலசலில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். "மூணு தடவை அலசணும்மா" — வாய் சும்மா இருக்குமா? அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

நான் ஓட்டலுக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் இவர் வந்தார். கண் சிவந்திருந்தது. சட்டையெல்லாம் சேறு.

"படகுக்காரி சொல்லலையா?"

"சொன்னா. நீயா தனியா போயிருப்பேன்னு நான் நம்பல. கரையெல்லாம் தேடினேன்."

கோபம் வரவில்லை. நேற்றுவரை நானும்தானே நம்பவில்லை.

மே 13

நாள் முழுக்க என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிந்தார்.

மே 15

சம்மதம் என்று எழுதிவிட்டேன். இவர் இரண்டு முறை படித்தார். பிறகு, "நம்ம டிப்போலேர்ந்து அந்த ஊருக்குத் தினம் ரெண்டு வண்டி போகுது. அதுல சனிக்கிழமை டியூட்டி கேட்டு வாங்கிக்கறேன்" என்றார். "உன் இஷ்டம்" என்பதைவிட இது நல்ல பதில்.

இந்த நோட்டின் முதல் பக்கத்தில் இவர் நம்பரை எழுதிவைத்திருக்கிறேன். மனப்பாடமும் ஆகிவிட்டது.

ஜூன் 1

பஸ்ஸில்தான் எழுதுகிறேன், கையெழுத்து ஆடுகிறது. பெட்டியை மேலே வைத்துவிட்டு இறங்கினார். கண்டக்டர் இவருக்குத் தெரிந்தவர்தான். "அண்ணே, நீங்களே குடுங்க" என்றார். இவர் உடனே கொடுக்கவில்லை. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என் முகம் தெரிந்த பிறகுதான் இரண்டு விசில் கொடுத்தார்.