பாப்பா உயரத்துக்கு ஒரு நூல்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நல்லபடியாக இருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

ஃபோனில் என் குரல் ஒரு மாதிரி இருந்தது என்றாயே, பெரிதாக ஒன்றுமில்லை. இந்தக் கடற்கரையில் ஆளையே இழுத்துப்போகும் பட்டங்களை வாடகைக்கு விடுகிறோம் இல்லையா, போன வாரம் மூன்றைச் சேர்த்துக் கோத்தோம். பெரியது முன்னால், சின்னது கடைசியில். மூன்றின் இழுப்பையும் முதல் பட்டத்தின் கயிறுதான் தாங்க வேண்டும் என்று முதலாளி தடித்த கயிறு போடச் சொன்னார். போட்டேன். ஆனால் பட்டங்களை இணைக்கும் கயிறுகளில் இடது பக்கத்தை நான் என் முழத்தால் அளந்தேன், வலது பக்கத்தை என்னோடு வேலை செய்யும் நெட்டையன் அவன் முழத்தால் அளந்தான். பட்டம் ஏறின வேகத்தில் சுழன்று என்னை மணலில் தேய்த்துவிட்டது. "உன் கையும் அவன் கையும் ஒண்ணாய்யா?" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். தோளில் சின்னக் கட்டுதான்.

இப்போது எதையும் கையால் அளப்பதில்லை. போன தடவை பாப்பாவுக்கு வாங்கின கவுனும் கைக்கணக்குதான். "ரெண்டு வருஷத்துக்கு முந்தின பிள்ளைக்கு வாங்கியிருக்கீங்க" என்றாய். அவளை நேராக நிற்க வைத்து, உச்சியிலிருந்து குதிகால் வரை ஒரு நூல் பிடித்து, அறுத்துக் கவரில் அனுப்பு. ஃபோனில் கேட்டால் எதற்கு என்பாய், எனக்குச் சொல்ல வராது. கவுனுக்கு என்றே அவளிடம் சொல்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டி ஹாரன் அடிக்கிறது. நூல் வந்ததும் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில், அதன் நுனி தரையைத் தொடுகிற உயரத்தில் ஆணி அடித்து மாட்டிக்கொள்கிறேன்.

உன் வீட்டுக்காரன்