தோட்டத்தில் ஓர் ஆள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம். உன் கல்யாணத்துக்கு வராமல் நான் வீட்டிலேயே உட்கார்ந்திருந்ததைப் பற்றி எழுத வேண்டுமென்று இரண்டு வருஷமாக நினைக்கிறேன். கை வரவில்லை. அதனால் வேறொன்று எழுதுகிறேன்.

ரிட்டயரான பிறகு பருத்திப்பட்டில் சபீனா டீச்சரிடம் வாட்டர்கலர் கற்றுக்கொள்கிறேன். இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு வெளிநாட்டுத் தோட்ட ஓவியத்தைப் பார்த்து வரையச் சொன்னார். பெரிய மரங்கள், பனிமூட்டம், நடைபாதையில் ஒரு பெண், பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் ஆண். வரைந்து காட்டினேன்.

"இன்னாண்ணே, பொண்ணு மட்டும் நிக்கிது? அந்த ஆளு எங்க?" என்றார் டீச்சர்.

"இடம் பத்தல."

"இம்மாம் பெரிய தோட்டம் கீது, ஒரு ஆளுக்கு எடமில்லியா?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாட்டர்கலரில் வெள்ளையைப் பூசுவதில்லை. அந்த இடத்தில் தாளை அப்படியே விட்டுவிட வேண்டும். நான் அந்த ஆள் நிற்க வேண்டிய இடத்திலும் பச்சையைப் பூசியிருந்தேன். சுத்தமான தண்ணீரால் நனைத்து, துணியால் ஒற்றி ஒற்றி எடுக்கச் சொன்னார். அரைமணி நேரம் ஆனது. முழுக்க வெளுக்கவில்லை. ஆனாலும் ஓர் ஆள் நிற்க இடம் கிடைத்தது. அவரை அங்கே நிறுத்திவிட்டேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வாருங்கள். மாப்பிள்ளை மீன் சாப்பிடுவாரா என்று அம்மா கேட்பதாக எழுதலாமென்று நினைத்தேன். கேட்பது நான்தான்.

உன் அப்பா